நாலு விரல் வெளியே

இப்போது நான் எழுபத்தாறு கிலோ. டாக்டர் குறைக்கச் சொல்கிறார், மனைவி சிரிக்கிறாள், நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் மருந்துக்கடை வாசலில் எடை பார்க்கும் இயந்திரத்தைக் கடக்கும்போது மட்டும் முதுகு கூசும். பின்னாலிருந்து யாரோ "ஏறுப்பா" என்று சொல்லப்போகிறார்கள் என்றே இருக்கும். சொன்னால் ஏறிவிடுவேன். செருப்பைக் கழற்றி, பையிலுள்ள சாவியையும் சில்லறையையும் எடுத்து வெளியே வைத்துவிட்டுத்தான் ஏறுவேன். அப்படிப் பழக்கிவிட்டுப் போனார் அந்த அம்மாள்.

தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் ஒரு ஃபைபர் கிளாஸ் பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். அங்கே கணக்குப் போடும் இன்ஜினியர் அந்த அம்மாள். சேர்ந்த அன்று அவர் என் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. கூந்தல் கொண்டையில் பென்சில் செருகியிருந்தது. கையில் காப்பித் தம்ளர். மேலும் கீழும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூலையிலிருந்த இரும்புத் தராசைக் காட்டி "ஏறு" என்றார். மண்டி மொஹல்லாவில் ஒரு வெல்ல வியாபாரியிடம் பழையதாக வாங்கிய பெரிய தராசு அது. வெல்ல வாசனை போகாமல் மாதக்கணக்கில் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்ததாம். எடை போடுவதற்கு முன்னால் எறும்புகளைத் துணியால் தட்டிவிடுவாராம். எறும்புக்கு என்ன பெரிய எடை என்று யாரோ கேட்டதற்கு, "உனக்குத் தெரியுமா? போட்டுப் பாத்தியா?" என்று கேட்டிருக்கிறார். கேட்ட ஆள் அதற்குப் பிறகு அவர் பக்கமே போகவில்லை.

நான் ஏறினேன். ஐம்பத்தெட்டு கிலோ. "நீச்சல் வருமா?" என்றார்.

"கொள்ளேகால் பக்கமுங்க. காவேரியிலதான் வளர்ந்தேன்."

"சரி. இனிமே குறையவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம். எனக்கு நீ அம்பத்தெட்டுதான்."

அவ்வளவுதான் எங்கள் அறிமுகம். அவர் சொன்னது வேலையைப் பற்றி என்று அன்று எனக்குப் புரியவில்லை. ஏதோ கிறுக்கு என்று நினைத்தேன். கொஞ்சம் கிறுக்குதான், இப்போதும் அதை மறுக்கமாட்டேன்.

பட்டறையில் வழக்கமாகச் செய்தது தண்ணீர்த் தொட்டி, பூங்காவுக்குச் சறுக்குமரம், பஸ் சீட்டு. முதலாளி கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற குடகுக்காரர். எல்லோருக்கும் அவர் கமாண்டர். அவருடைய பழைய பழக்கத்தில் ஒரு படகு வேலை வந்தது. ராணுவத்துக்கு, சோதனைக்காக ஒன்றே ஒன்று. அது சாதாரணப் படகு இல்லை. கரையை விட்டுக் கிளம்பும்போது மோட்டார் படகாகத் தண்ணீர்மேல் பறக்கும். எதிரி கண்ணில் படும் தூரம் வந்ததும், வயிற்றிலுள்ள தொட்டிகளில் தண்ணீரை வாங்கிக்கொண்டு கழுத்தளவு இறங்கிவிடும். பிறகு ஓட்டுபவனுடைய தலைக்கு மேலிருக்கும் கண்ணாடி மூடியும் எஞ்சினுக்குக் காற்று வாங்கும் குழாயும் மட்டும் வெளியே தெரியும். அந்தக் கண்ணாடி மூடியை நாங்கள் தொப்பி என்போம். தொப்பியில் நாலு விரல் அளவு வெளியே தெரியவேண்டும். அதற்கு மேல் தெரிந்தால் எதிரி பார்த்துவிடுவான். அதற்குக் கீழே போனால் உள்ளே இருப்பவன் கதை முடிந்தது.

உள்ளே இருக்கப்போகிறவன் நான். ஐம்பத்தெட்டு கிலோ, நீச்சல் தெரியும், கமாண்டருக்கு அது போதும். அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம், மனைவி மாசமாக இருந்தாள். அந்த அம்மாளுடைய நோட்டில் ஒரு எண் தப்பாக இருந்தால் என் உயிர் போகும். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவருக்கு அது என்னைவிட அதிகமாகத் தெரிந்திருந்தது என்பதுதான் விஷயம். அதனால்தானோ என்னவோ, அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

நின்றபடி காப்பி குடிப்பார், நின்றபடி சாப்பிடுவார், நின்றபடி கணக்குப் போடுவார். தராசுக்கும் படகுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருப்பார். மேல்கோட்டையில் பிறந்தவர். வீட்டுக்குள் பேசும் பழைய ஐயங்கார் தமிழைப் பட்டறை வாசலில் மடித்து வைத்துவிட்டு எங்களிடம் எங்கள் மாதிரிப் பேசப் பார்ப்பார். கோபம் வந்தால் மட்டும் பழையது எட்டிப்பார்க்கும். படகைப் பற்றி அவருக்கு முன்னே பின்னே ஒன்றும் தெரியாது. கடலையே ரெண்டு தடவைதான் பார்த்திருக்கிறார். முன்பு பஸ் பாடி கட்டும் கம்பெனி ஒன்றில் இருந்தாராம். அங்கே ஒரு சீட்டு வரிசையின் எடையை யாரோ காகிதத்தில் எழுதிக் கொடுத்ததை அப்படியே நம்பியிருக்கிறார். பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதிலிருந்து, தான் தராசில் போடாத எடையை அவர் நோட்டில் எழுதியதில்லை.

அந்த நோட்டு நீளமானது, துணி அட்டை போட்டது. நாலு கட்டம். என்ன பொருள், படகில் எங்கே, எவ்வளவு, எந்தத் தராசில். பெரிய தராசு, மளிகைக்கடைத் தராசு, நகைக்கடைத் தராசு என்று மூன்று வைத்திருந்தார். திருகாணியைக்கூட நகைத் தராசில் நூறு நூறாகப் போடுவார். பிசின் டப்பாவைத் திறக்கும் முன் எடை, பூசிய பிறகு மிச்சத்தின் எடை, வழிந்து தரையில் உறைந்ததைச் சுரண்டி அதன் எடை. பெயிண்டர் நல்ல மனசோடு ரெண்டாவது பூச்சு அடித்துவிட்டான். ஏழு கிலோ கூடிவிட்டது என்று பாதியைத் தேய்த்து எடுக்க வைத்தார். அவன் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. இன்னொரு நாள் மொத்த எடையில் முக்கால் கிலோ உதைத்தது. எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தார். கடைசியில் படகின் வயிற்றுக்குள் நான் மறந்துவிட்ட ஸ்பேனர் கிடைத்தது. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். ஸ்பேனரைக் கையில் தூக்கிப் பார்த்து, தராசில் போட்டு, சரியாக முக்கால் கிலோ என்று தெரிந்ததும் முகம் அப்படி மலர்ந்துவிட்டது.

"நல்லாத்தானே இருக்கு மேடம், பாத்தாலே தெரியுதுங்களே" என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு.

"கண்ணுக்கு எடை தெரியாதுப்பா" என்பார். ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது இதைக் கேட்டிருப்போம்.

மார்க்கெட்டிலும் அதே கதைதான். ஒரு தடவை பொருள் தூக்க என்னையும் அழைத்துப் போயிருந்தார். கத்தரிக்காய்க்காரரின் கிலோ கல்லைக் கையில் எடுத்து ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, நாற்பது கிராம் குறைகிறது என்றார். கடைக்காரர் கன்னடத்தில், "ஏனம்மா, நம்ம மேலே நம்பிக்கையில்லையா?" என்று சண்டைக்கு வந்தார். "உங்க மேல இருக்கு, கல்லு மேலதான் இல்லை" என்றார் இவர். பக்கத்துக் கடைக் கல்லை வைத்துப் பார்த்தார்கள். குறைந்தது. அந்த வெற்றியோடு வீடு போய்ச் சேர வேண்டியதுதானே? அந்தப் பக்கத்துக் கடைக் கல் சரிதானா என்று மூன்றாவது கடைக்கு நடந்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

படகு வேலை செய்வதை வெளியே சொல்லக்கூடாது என்று கமாண்டர் எச்சரித்திருந்தார். அவர் சொல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். காவிரிக் கலவரம் முடிந்து ரொம்ப வருஷம் ஆகியிருக்கவில்லை, பஸ்ஸில் தமிழில் சத்தமாகப் பேசவே யோசிப்போம். தமிழும் விசைப்படகும் ஒரே வாயிலிருந்து வந்தால் வாடகை வீட்டுக்காரர் என்னை இலங்கைப் புலி என்றே நினைப்பார் என்று தெரிந்ததுதான். தண்ணீர்த் தொட்டி செய்கிறேன் என்றே தெருவில் சொல்லியிருந்தேன். மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். தினமும் காலையில் என்னைத் தராசில் ஏற்றுவதைச் சொன்னபோது அவள், "அந்தம்மா உங்களை என்ன சந்தைக்குப் போற ஆடுன்னு நெனச்சுக்கிட்டாங்களா?" என்றாள்.

அவளுடைய வளைகாப்புக்கு மேடம் வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. வாசலில் இருந்த குத்துவிளக்கை லேசாகத் தூக்கிப் பார்த்து வைத்தார். கைநிறைய வளையல் போட்டுவிட்டு, மனைவியிடம் முதல் வார்த்தையாக, "எவ்வளவு ஏறியிருக்கே இதுவரைக்கும்?" என்று கேட்டார். பந்தியில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. நான் அன்று ஏழு வகை சாதத்தையும் ஒரு கை பார்த்திருந்தேன். மறுநாள் தராசு ஐம்பத்தொன்பதைத் தாண்டியது. மத்தியானம் அவரே ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு என் டிபன் கேரியரை எடுத்துப் போய்விட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மனுஷனாகப் பார்க்காமல் ஐம்பத்தெட்டு கிலோவாகப் பார்க்கிறாரே என்று அவரை நான் வெறுத்த நாட்கள் உண்டு.

படகைப் பின்தண்ணீருக்குக் கொண்டுபோனோம். அணைக்குப் பின்னால் ஏரியாகத் தேங்கி நிற்கும் தண்ணீர், ஆள் நடமாட்டமில்லாத ஒரு கரை. முதல் சில நாட்கள் வேகத்தைப் பார்த்தோம். தொட்டிகள் காலியாக ஓடியபோது பெங்களூர் பஸ்ஸை முந்தும் போலிருந்தது. ஆனால் மூக்கு தவளை மாதிரி எம்பி எம்பிக் குதித்தது, என் பல்லெல்லாம் ஆடியது. அவர் இரவல் வாங்கிய பரிசலில் நின்றுகொண்டு பார்த்துவிட்டு, பாட்டரிகளை ஒரு முழம் முன்னால் நகர்த்தச் சொன்னார். குதிப்பு நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் வாங்கிப் பழகினோம். தொட்டி பாதி நிறைந்திருக்கும்போதுதான் பயம். உள்ளே இருக்கும் தண்ணீர் இடமும் வலமும் அலைந்து படகைக் குடிகாரன் மாதிரி ஆட்டும். முதலில் முன் தொட்டி, பிறகு பின் தொட்டி, கடைசியில் நடுத்தொட்டி என்று வரிசை வகுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணாடிக் குழாய், அதில் தண்ணீர் மட்டம் தெரியும். குழாயில் சிவப்புக் கோடு போட்டிருந்தார். கோடு வரைக்கும் வாங்கினால் தொப்பி நாலு விரல் வெளியே நிற்கும். அது அவர் கணக்கு.

"உள்ளே போனதுக்கப்புறம் வெளியே பாத்து முடிவு பண்ணாதே. கோட்டைப் பாரு" என்று சொல்லியிருந்தார்.

முழுக்க இறக்கிப் பார்க்கும் நாள் வந்தது. ஆபீசர்கள் வருவதற்கு ரெண்டு வாரம் முன்னால், எங்களுக்குள் ஒத்திகை. மூணு ஆள் ஆழமுள்ள இடம். கமாண்டர் கரையில், மேடம் பரிசலில். காலையில் என்னை எடை போட்டபோது ஐம்பத்தெட்டு. சட்டைப்பையில் ஒரு ஊக்கு இருந்தது, அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

முன் தொட்டி நிறைந்தது. பின் தொட்டி நிறைந்தது. நடுத்தொட்டியின் வால்வைத் திறந்தேன். ஏரி மெல்ல ஏறித் தொப்பிக் கண்ணாடிக்கு வந்தது. தொப்பியில் நாலு விரல் மிச்சமிருப்பதை என் கண் பார்த்தது. போதும் என்று தோன்றியது. மட்டம் காட்டும் குழாயைப் பார்த்தேன். சிவப்புக் கோட்டுக்கு இன்னும் நாலு விரல் இருந்தது. மூன்று மாதமாக ஒரு எறும்பைக்கூட விடாமல் எடை போட்டவர் போட்ட கோடு. என் கண்ணை நம்புவதா, அதை நம்புவதா? திறந்தே வைத்தேன். மூன்று விரல், ரெண்டு விரல். கோட்டுக்கு ஒரு விரல் இருக்கும்போது கண்ணாடி முழுக்கப் பச்சையாகிவிட்டது. காற்றுக் குழாய் தானாக மூடிக்கொண்டது, எஞ்சின் இருமி அடங்கியது. படகு எந்த அவசரமும் இல்லாமல் கீழே போய்ச் சேற்றில் உட்கார்ந்தது.

அதுவரை அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. அழுத்தக் காற்று சிலிண்டரைத் திறந்தேன். தொட்டித் தண்ணீர் வெளியேறும் சத்தம் கேட்டது, படகு அசையவில்லை. சேறு பிடித்துக்கொண்டிருந்தது. கழுத்துக்குப் பின்னால் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. மனைவியையும் அவள் வயிற்றையும் நினைத்தேன். அப்புறம் கெட்ட வார்த்தையில் அந்த அம்மாளைத் திட்டினேன். திட்டிக்கொண்டே உடம்பை முன்னால் எறிந்தேன், பின்னால் எறிந்தேன், மறுபடி முன்னால். பத்து தடவை, இருபது தடவை. எங்கோ ஒரு பிடி விட்டது. மூக்கு தூக்கியது. என் ஐம்பத்தெட்டு கிலோ அன்றைக்குத்தான் எனக்குப் பயன்பட்டது.

மேலே வந்து தொப்பியைத் தள்ளித் திறந்தபோது பரிசல் பக்கத்தில் இருந்தது. அவர் மண்டி போட்டு, தோள் வரைக்கும் கையைத் தண்ணீருக்குள் விட்டிருந்தார். என்னை அந்தக் கையால் தொட்டுத் தூக்கிவிட முடியும் என்று நினைத்தாரோ என்னவோ.

"கோட்டைத் தாண்டினியா?"

"இல்லீங்க மேடம். கோட்டுக்கு ஒரு விரல் இருக்கையிலேயே முங்கிருச்சு."

அவர் நோட்டைத் தேடவில்லை. கமாண்டரைப் பார்க்கவில்லை. ஈரக் கையைப் பார்த்தார், விரலை வாயில் வைத்து ருசி பார்த்தார்.

"நல்ல தண்ணி" என்றார்.

கரையிலிருந்த கமாண்டர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம்தான் எனக்கு விளக்கினார்கள். கடல் தண்ணீர் கனம், உப்பு அப்படி. ஏரித் தண்ணீர் லேசு, அது படகைத் தாங்குவதும் குறைவு. இந்தப் படகு அளவுக்கு நூற்றிருபத்தைந்து கிலோ வித்தியாசம். தொப்பியின் அந்த நாலு விரல் தாங்கக்கூடியது நூறு கிலோதான். கமாண்டர் கொடுத்த கணக்கு கடலுக்கானது. அவர் வாழ்நாளில் நல்ல தண்ணீரில் கப்பல் விட்டதில்லை. மேடம் வாழ்நாளில் கடலில் எதையும் விட்டதில்லை. மலைமேல் உட்கார்ந்துகொண்டு கடலுக்குப் படகு செய்தால் இப்படித்தான் ஆகும். கமாண்டர், "தப்பு என்னுதுதான் மேடம்" என்று மூன்று தடவை சொன்னார்.

"எல்லாத்தையும் எடை போட்டேன் சார்" என்றார் அவர். "தண்ணியைப் போடலை."

வீட்டில் மறைக்கப் பார்த்தேன். காதுக்குள் இருந்த சேறு காட்டிக்கொடுத்தது. மனைவி புடவை நுனியால் அதைத் துடைத்தெடுத்தாள். மறுநாள் பட்டறையில் வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஏழாம் மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நேராகத் தராசுக்குப் போனாள். செருப்பைக் கழற்றினாள், ஏறி நின்றாள்.

"என்னையும் போடுங்கம்மா" என்றாள். "அவருக்கு ஏதாச்சும் ஆயிருந்தா, மிச்சம் இதுதானுங்க. இதையும் நோட்டுல எழுதிக்கோங்க."

பட்டறையில் எல்லா மெஷினும் ஒவ்வொன்றாக நின்றது. மேடத்தின் கை பழக்கத்தில் தராசுத் தண்டிலிருந்த குண்டை நகர்த்தப் போனது. பாதியில் நின்றுவிட்டது. கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டார். பிறகு இரண்டு கையையும் நீட்டி அவளைப் பிடித்து, கண்ணாடிச் சாமானை இறக்குவதுபோல மெல்லக் கீழே இறக்கினார்.

கமாண்டரிடம் திரும்பி, "அடுத்த தடவை நான் போறேன் சார்" என்றார்.

"நான் உங்களைப் போகச் சொல்லலீங்களேம்மா" என்றாள் மனைவி.

"நீ சொல்லலை. நான்தான் சொல்றேன்."

கமாண்டர் பதறிப்போய்க் கன்னடமும் தமிழும் கலந்து மறித்தார். "ஸ்வல்ப யோசனை மாடி மேடம், கொஞ்சம் யோசிங்க. உங்களுக்கு நீச்சல் வருமா?"

"வராது. மிதக்கவேண்டியது படகுதானே?" என்றார். "நான் எழுபத்தொண்ணு. படகு அடியில பாரத்துக்கு வெச்ச ஈயத்துல பதிமூணு கிலோ எடுத்துட்டா நானும் இவனும் ஒண்ணு."

அந்த வாரம் முழுக்க அவர் நடை இன்னும் கூடியது. மங்களூர் பஸ் டிரைவர் ஒருவரிடம் சொல்லி ஒரு கேன் கடல் தண்ணீர் வரவழைத்தார். ஒரே பாட்டிலில் முதலில் ஏரித் தண்ணீர், பிறகு கடல் தண்ணீர். எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். லிட்டருக்கு இருபத்தைந்து கிராம். அவ்வளவு சின்ன வித்தியாசம், ஒரு கத்தரிக்காய்கூட இல்லை. பிறகு குழாயில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஒரு நீலக் கோடு போட்டார். சிவப்பு கடலுக்கு, நீலம் ஏரிக்கு.

பின்தண்ணீரில் அன்று காற்று இல்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படகுக்குள் இறங்கினார். தொப்பியை மூடும் முன் என்னைப் பரிசலோடு கிட்டே வரச் சொன்னார். படகில் கட்டிய கயிற்றின் மறு நுனியை என் கையில் கொடுத்தார்.

"உள்ளே கோட்டை நான் பாத்துக்கறேன். வெளியே தண்ணியை நீ பாரு. நாலு விரலுக்குக் கீழே போச்சுன்னா கயத்தை இழு. நான் கோடு வந்ததா வரலையான்னு பாக்கமாட்டேன், உடனே மூடிடுவேன்."

"சரிங்க மேடம்."

"கயத்தைக் கையில சுத்திக்கோ."

"சுத்தியாச்சுங்க."

முன் தொட்டி, பின் தொட்டி, நடுத்தொட்டி. தண்ணீர் தொப்பிக்கு ஏறியது. உள்ளே அவர் தலை மட்டும் தெரிந்தது, கொண்டையில் அந்தப் பென்சில். நான் இமைக்கவில்லை. எட்டு விரல், ஆறு, ஐந்து. கயிறு என் உள்ளங்கை வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாள் முன்னால் நான் திட்டிய வார்த்தையெல்லாம் ஞாபகம் வந்தது. அந்தப் பெண்மணி செத்துவிடக்கூடாது என்று மேல்கோட்டைப் பெருமாளை, எனக்குப் பழக்கமே இல்லாத அந்தப் பெருமாளை வேண்டினேன். நாலு விரலில் நின்றது. அப்படியே நின்றது. காற்றுக் குழாய் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் ஏரிமேல் கேட்டது.

பத்து நிமிஷம் என்று பேச்சு. பத்து நிமிஷம் கழித்தும் அவர் மேலே வரவில்லை. இருபதானது. கரையில் கமாண்டர் நடக்க ஆரம்பித்தார். நான் பரிசலை ஓட்டிக் கிட்டே போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மடியில் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அரை மணி நேரம் ஆனபிறகுதான் காற்றைத் திறந்து மேலே வந்தார்.

"ஏன் மேடம், இப்பிடி உசிரை எடுத்துட்டீங்களே" என்றேன்.

"உள்ளே எங்கேயும் நடக்க முடியாதுல்ல. உக்காந்துட்டேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆபீசர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், தலையாட்டினார்கள். ஒரு மாதம் கழித்துத் தார்ப்பாய் போட்டு மூடி லாரியில் படகை ஏற்றிக்கொண்டு போனார்கள். அது கடலைப் பார்த்ததா என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் அவரும் வேறு ஊருக்குப் போய்விட்டார். என் மகள் பிறந்ததைச் சொல்ல விலாசம்கூட இல்லை.

அவர் உள்ளே போய்வந்த அன்று, கரையேறியதும் முகம்கூடத் துடைக்கவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்தார், கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"எவ்வளவு வெளியே நின்னுது?"

"நாலு விரலுங்க."

"எதை வெச்சு அளந்தே?"

அளவுகோல் பரிசலிலேயே கிடந்தது. நான் அதைத் தொடவே இல்லை. "கண்ணாலதானுங்க மேடம்" என்றேன், திட்டு வாங்கத் தயாராக.

அவர் நோட்டைப் பிரித்தார். பிறகு குனிந்து எழுதினார். எதிரில் நின்ற எனக்கு அந்த வரி தலைகீழாகத் தெரிந்தது, எழுத்துக் கூட்டிப் படித்தேன். என்ன, தொப்பி. எங்கே, ஏரி. எவ்வளவு, நாலு விரல். தராசின் பெயரை எழுதவேண்டிய கடைசிக் கட்டத்தில், "இவன் கண்" என்று எழுதியிருந்தார்.